எங்கள் தோட்டப் பாதையில் எத்தனை சில்லு ஏறலாம்?

அந்த டிப்பர் காலை ஆறேகாலுக்கு இரண்டாவது வளைவில் சிக்கியது. வெளியே எடுக்கும்போது பின்னேரம் ஐந்து மணி தாண்டிவிட்டது. முன்பக்கம் மண்திட்டில் முட்டி நிற்க, பின்பக்கத்து உட்சில்லுகள் வடிகானுக்குள் இறங்கியிருந்தன. பெட்டியில் மூன்று கியூப் மணல். மேலே இருக்கும் மூன்று டிவிசனுக்கும் வேறு பாதை கிடையாது. கொழுந்து லொறி மேலேயே நின்றுவிட்டது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் சாக்குச் சாக்காகக் கொழுந்து சூடேறிச் சிவந்துபோனது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் டிப்பருக்கும் மலைச்சுவருக்கும் இடையே ஒவ்வொருவராகப் பக்கவாட்டில் நுழைந்து நடந்தார்கள். கண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகவேண்டிய ஒரு பாட்டியை பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து நான்கு பையன்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கதிரையிலிருந்தபடியே அவர் சாரதியைத் திட்டிய திட்டுகளை இங்கே எழுத முடியாது.

சாரதி குருநாகல் பக்கத்துப் பையன். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. மலைப்பாதைக்கு அன்றுதான் முதல் தடவையாக வந்திருக்கிறான். சந்தியில் மூன்று மொழியிலும் பெரிய பலகை நிற்கிறதே, "கனரக வாகனங்கள் உட்செல்லத் தடை" என்று, அதைப் பார்க்கவில்லையா என்று சிங்களத்தில் கேட்டேன்.

"பார்த்தேன் மாமா. கனரகம் என்றால் கன்டெய்னர்தானே? இது வெறும் டென் வீலர்."

சுற்றி நின்றவர்கள் அவனை அடிக்கப் போனார்கள். எனக்கோ சிரிப்பு வந்தது. இருபது வருடங்களுக்கு முன் ஒரு பொலிஸ் சார்ஜன்டிடம் நானும் இதே பதிலைச் சொல்லித்தான் தண்டப்பணம் கட்டினேன். அப்போது என் கையில் இருந்தது ஆறு சில்லு லொறி. "கனரகம் என்றால் பத்துச் சில்லுதானே, சேர்?" என்று கேட்டேன். கன்டர் என்ற சிறிய லொறி ஓட்டுகிறவனைக் கேட்டால் அவன் ஆறு சில்லைக் காட்டுவான். தன்னுடையதை விடப் பெரியதுதான் எந்தச் சாரதிக்கும் கனரகம்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். கொழுந்து லொறி ஓட்டிய தாய்மாமனிடம் கிளீனராகச் சேர்ந்து, பிறகு அதே லொறியை ஓட்டி, அதன்பின் கொழும்புக்குத் தேயிலை, தம்புள்ளைக்கு மரக்கறி, கடைசியில் டிப்பர் என்று இருபத்தேழு வருடம் போயிற்று. முழங்கால் விட்டுக்கொடுத்ததும் தோட்டத்துக்கே திரும்பிவிட்டேன். அந்த நேரத்தில்தான் எங்கள் தோட்டத்தில் லயங்களுக்குப் பதிலாக நாற்பது தனி வீடுகள் கட்டும் வேலை தொடங்கியது. 2017 மே மாதம் நோர்வுட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தபோது கூட்டத்தில் நின்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன். எங்களுக்கு வந்தது வேறொரு திட்டம். எந்தத் திட்டமானால் என்ன, ஏழு பேர்ச் காணியில் வீடு எழும்ப வேண்டுமென்றால் கல்லும் மணலும் கம்பியும் சீமெந்தும் மேலே ஏறியாக வேண்டும். அவை ஏறவேண்டிய பாதையோ மாட்டு வண்டில் போவதற்காக வெட்டியது.

டிப்பர் சிக்கிய அன்றிரவு கோயில் முன்றலில் கூட்டம் கூடியது. லொறியைப் பற்றித் தெரிந்தவன் என்று என்னைப் பாதைப் பொறுப்பாளன் ஆக்கினார்கள். சம்பளம் இல்லாத உத்தியோகம். திட்டு மட்டும் இரண்டு பக்கமும்.

முதல் வேலையாக அந்தப் பலகையைப் பற்றி யோசித்தேன். கனரகம் என்றால் எது? மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் ஒரு கணக்கு கிடைக்கும். மொத்த எடை 3,500 கிலோ வரை பி வகுப்பு. அதற்கு மேல் 17,000 கிலோ வரையான லொறிக்கு சி1. அதையும் தாண்டினால் சி. இழுவைப்பெட்டி சேர்ந்தால் சிஈ. பஸ்ஸில் எடையைப் பார்ப்பதில்லை, இருக்கைகளை எண்ணுகிறார்கள்: 33 வரை டி1, அதற்கு மேல் டி. சாதாரண அனுமதிப்பத்திரம் 8 வருடத்துக்குச் செல்லும். கனரகத்துக்கு 4 வருடம்தான், ஒவ்வொரு தடவையும் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். சாரதியைத் தரம்பிரிக்க இது சரியான கணக்கு. பாதையைக் காப்பாற்ற இது போதாது. 3,500 கிலோவில் கோடு போட்டால் எங்கள் கொழுந்து லொறியே வெளியே நிற்க வேண்டும். 17,000இல் போட்டால் பதினாறு தொன்னோடு ஒருவன் சட்டப்படி ஏறிவந்து பாலத்தை உடைத்துவிட்டுப் போவான்.

பாலம் என்றதும் நினைவுக்கு வருகிறது. டிப்பர் அந்த வளைவில் சிக்கியதே நல்லது என்று பிற்பாடு தெரிந்தது. அடுத்த வளைவு தாண்டினால் ஓடைப் பாலம். பழைய தண்டவாள இரும்பைக் குறுக்கே போட்டு மேலே கொங்கிறீற் ஊற்றியது. ஓரத்தில் துருப்பிடித்த தகடு ஒன்று, 8 தொன் என்று. மணல் வியாபாரத்தில் எல்லோரும் கியூப்பில் பேசுவார்கள். ஒரு கியூப் எத்தனை தொன் என்று கேட்டால் பலர் முழிப்பார்கள். கியூப் என்பது 100 கன அடி, அதாவது சுமார் 2.83 கன மீற்றர். மணல் என்றால் நாலரைத் தொன் என்று வைத்துக்கொள்ளலாம். மழையில் நனைந்தால் அதற்கும் மேல். மூன்று கியூப் பதின்மூன்றரைத் தொன். பத்துச் சில்லு டிப்பர் வெறுமனே ஒன்பது பத்துத் தொன் இருக்கும். ஆக இருபத்து மூன்று தொன் எட்டுத் தொன் பாலத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. வளைவு மறித்துவிட்டது. அதே மணலைக் கன்டரில் ஒரு கியூப் மட்டும் ஏற்றினால் வண்டி மூன்று தொன், மணல் நாலரை, மொத்தம் ஏழரை. பாலம் தாங்கும். இதைச் சிலேட்டில் எழுதிக் காட்டியபோதுதான் கூட்டத்தில் பலருக்குப் பிரச்சினை புரிந்தது. எடை என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. கணக்குப் போட்டால்தான் பயம் வரும்.

ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவர் அடுத்த நாள் வந்து நயமாகப் பேசினார். "ஐயா, கன்டரில் மூன்று நடை போவதற்குப் பதில் டிப்பர் ஒரே நடை. பாதைக்குக் கேடு குறைவுதானே?" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். டிப்பர் ஓட்டிய காலத்தில் நானும் அப்படித்தான் நம்பினேன். வீதி வேலையில் இருந்த ஒரு பொறியியலாளர்தான் என் கண்ணைத் திறந்தார். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் இதற்கென்றே பாதை போட்டு, லொறிகளை இரவு பகலாகச் சுற்றவிட்டுச் சோதித்திருக்கிறார்கள். ஓர் அச்சில் இறங்கும் சுமை இரண்டு மடங்கானால் பாதைக்கு வரும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது என்று தெரியவந்தது. நான்கு தடவை இரண்டால் பெருக்கவேண்டும் என்று அவர் விரல் விட்டுக் காட்டியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் நூறு ஓட்டோ போன பாதை அப்படியே இருக்க, அளவுக்கு மேல் ஏற்றிய நாலு டிப்பர் போன பாதை வாழைப்பழத் தோல் மாதிரி உரிகிறது. எங்கள் பாதையின் கல் அடுக்கு மெல்லியது, அடியில் களிமண். தண்ணீர் ஊறிய நாளில் சொல்லவே வேண்டாம்.

எடைக்கு அடுத்தது நீளம். இதில் பலர் தவறாக நினைப்பது என்னவென்றால், வண்டியின் மொத்த நீளம்தான் வளைவில் பிரச்சினை என்று. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைப்பட்ட தூரத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும். அது கூடக் கூட, வளைவில் பின்சில்லு உள்பக்கத்தை வெட்டிக்கொண்டு வரும். முன்சில்லு தாராளமாகத் திரும்பிவிட்டது என்று சாரதி சந்தோஷப்படும் நேரத்தில் பின்சில்லு கானுக்குள் இறங்கியிருக்கும். பின்சில்லுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வாலோ இதற்கு எதிர்ப்பக்கம் வீசும். பஸ்ஸில் இந்த வால்தான் ஆபத்து. வளைவின் வெளிப்பக்கம் நிற்கும் ஆளை அது சுவரோடு வைத்து அழுத்திவிடும். நான் கிளீனராக இருந்தபோது மாமா எனக்குச் சொன்ன முதல் பாடம், "பின்னால் எடுக்கும்போது சுவருக்கும் வண்டிக்கும் நடுவே நிற்காதே. நான் பார்க்கமாட்டேன், நீதான் பார்க்கவேண்டும்" என்பது. லொறித் தொழிலில் செத்த கிளீனர்கள் பலர் அப்படிச் செத்தவர்கள்.

எங்கள் பாதையில் ஐந்து வளைவு. ஒவ்வொன்றிலும் எந்த வண்டி திரும்பும் என்று கண்டுபிடிக்க நாங்கள் செய்தது மிக எளிய வேலை. தோட்டத்துக் கொழுந்து லொறியை நடை வேகத்தில் ஏற்றினோம். இரண்டு பையன்கள் டின்னில் சுண்ணாம்புத் தூளோடு பக்கத்தில் நடந்தார்கள். ஒருவன் பின்பக்க உட்சில்லு போகும் தடத்தில் கோடு போட்டான், மற்றவன் வால் மூலை வீசும் தடத்தில் போட்டான். வண்டி போனபின் கோட்டுக்கும் கானுக்கும் இடையில் எத்தனை அடி மிச்சம் என்று அளந்தோம். அதன்பின் ஒரு கன்டர், ஒரு சிறிய டிப்பர். ஞாயிற்றுக்கிழமை அரை நாளில் முடிந்துவிட்டது. இரண்டாவது வளைவில் கொழுந்து லொறிக்கே ஓரடிதான் மிச்சம். பத்துச் சில்லு அங்கே திரும்பாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. மண்திட்டை வெட்டி அகலமாக்கலாமே என்று இளைஞர்கள் கேட்டார்கள். அந்தத் திட்டுக்கு மேலேதான் பதினெட்டாம் நம்பர் லயம் இருக்கிறது. அடியைச் சுரண்டிவிட்டு மழைக்காலத்தில் மேலே படுத்துத் தூங்க எனக்குத் தைரியமில்லை என்றேன்.

இனி இறக்கம். எழுதும்போதே கை நடுங்கும் விடயம் இது.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ரம்பொடைச் சுரங்கம், புசல்லாவை என்று ஏ5 வீதியில் இறங்கிக் கம்பளைக்கு வரும்போது உயரம் 500 மீற்றருக்கும் கீழே போய்விடும். அத்தனை உயரத்திலிருந்து இறங்கும் வேகத்தை எஞ்சினாவது பிடிக்கவேண்டும், பிரேக்காவது பிடிக்கவேண்டும். பிரேக் மட்டும் பிடித்தால் அது சூடாகும். சூடானால் முதலில் வாசனை வரும், கருகிய ரப்பரும் துணியும் சேர்ந்த மாதிரி. அடுத்தது புகை. அதற்குப் பிறகு மிதித்தாலும் பிடிக்காது. ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அந்தக் கியர் என்பது மாமாவின் வேதவாக்கு. புதிய வண்டிகளில் எஞ்சின் வலு அதிகம் என்பதால் அவை உயர்ந்த கியரில் ஏறிவிடுகின்றன; ஆகவே நான் ஒரு கியர் இன்னும் குறைத்துச் சொல்வேன். எஞ்சின் புகையை மறித்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸோஸ்ட் பிரேக் இருந்தால் உச்சியிலேயே போட்டுவிட வேண்டும்.

2003இல் கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கு இறங்கும்போது இதை நான் மீறினேன். தேயிலைச் சுமை, இரவு, டீசல் மிச்சப்படுத்தும் ஆசை. நேரான துண்டுகளில் நியூட்ரலில் விட்டேன். மூன்றாவது தடவை கியருக்குள் போடப் பார்த்தபோது கியர் விழவில்லை. வண்டியின் வேகம் அதற்குள் கியரைத் தாண்டிவிட்டது. பிரேக்கை விட்டு விட்டு மிதித்ததில் காற்றழுத்த முள் சிவப்புக்கு இறங்கியது. இடப்பக்கத்து மண்திட்டில் வண்டியை உரசி உரசித்தான் நிறுத்தினேன். கண்ணாடி போயிற்று, பக்கப் பலகை போயிற்று, உயிர் போகவில்லை. கிளீனர் பையன் அன்றோடு வேலையை விட்டு ஊருக்குப் போனவன், இப்போது தலவாக்கலையில் சலூன் வைத்திருக்கிறான். எனக்கு இன்றும் முடிவெட்டக் காசு வாங்குவதில்லை. ஏன் என்று கேட்டால் சிரிப்பான்.

சூடேறிய பிரேக்கோடு நிறுத்தினால் அதன்மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது; இரும்பு வெடிக்கும். ஓரமாக நிறுத்தி, கியரில் போட்டு, சில்லுக்குக் கல் வைத்து, ஒரு தேநீர் குடித்து, கை வைத்தால் பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டுத்தான் எடுக்கவேண்டும். புறப்படும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போடவேண்டும். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் எங்கள் லொறிக்காரர்களில் பாதிப்பேர் அதைப் பாதை நடுவிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். இரவில் அந்தக் கல்லில் ஏறிக் கவிழ்ந்த ஓட்டோவையும் மோட்டார் சைக்கிளையும் நான் தூக்கிவிட்டிருக்கிறேன்.

2023 ஜனவரி 20 இரவு நானுஓயா ரதெல்லைக் குறுக்குப் பாதையில், சுற்றுலா வந்த பாடசாலை மாணவர்களின் பஸ் ஒரு வானிலும் ஓட்டோவிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். எங்கள் பகுதியில் அன்றிரவு யாரும் தூங்கவில்லை. அதற்குப் பிறகு அந்த இறக்கத்தில் பஸ்ஸையும் கனரக வாகனங்களையும் மறித்தார்கள். 2025 மே 11 அதிகாலையில் ரம்பொடை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். உள்ளூர்ச் சாரதிக்கு எந்தப் பாதை எந்த வண்டிக்கு என்று உடம்பிலேயே தெரியும். வெளியூர்ச் சாரதி கைத்தொலைபேசி வரைபடம் காட்டும் குறுக்கு வழியில் போகிறான். அந்த வரைபடத்துக்கு அவன் ஓட்டுவது காரா, ஐம்பது பேர் இருக்கும் பஸ்ஸா என்று தெரியாது. ஆகவே மலையகத்தில் ஒரு பாதையை மூடுகிறவர்கள் பலகையை இறக்கத்தின் வாயில் நட்டால் பயனில்லை. அங்கே வந்துவிட்ட பஸ் எப்படித் திரும்பும்? இரண்டு கிலோமீற்றர் முன்னால், திரும்ப இடமுள்ள சந்தியில் ஒன்று வேண்டும். அதில் மாற்று வழியும் எழுதியிருக்கவேண்டும். எங்கள் பழைய பலகை நின்ற இடத்தில் ஒரு கன்டருக்குக்கூடத் திரும்ப இடமில்லை. குருநாகல் பையன் பலகையை மதித்திருந்தாலும் பிரதான வீதிக்குப் பின்பக்கமாகத்தான் வந்திருக்கவேண்டும்.

வண்டிகளின் குணம் ஒவ்வொன்றும் ஒரு விதம். மரக்கறி லொறி எடையில் பெரிதில்லை. லீக்ஸையும் கோவாவையும் கூரை உயரத்துக்கு அடுக்குவதால் தலைகனத்து வளைவில் சாயும். அதோடு விடியுமுன் சந்தைக்குப் போகவேண்டிய அவசரம். பவுசர் நிறைந்திருந்தாலும் பயமில்லை, வெறுமையாக இருந்தாலும் பயமில்லை; பாதி இருந்தால்தான் உள்ளே இருக்கும் தண்ணீரோ டீசலோ வளைவில் ஒரு பக்கம் ஓடி வண்டியைத் தள்ளும். மண் அள்ளும் பேக்கோ இயந்திரத்தை ஏற்றிவரும் லோ பெட் லொறிக்கு அடிப்பக்கம் தாழ்வு. பாதை முதுகு தூக்கிய இடத்தில் வயிறு தட்டி ஊஞ்சல் மாதிரி நிற்கும். மேல் கொத்மலை நீர்மின் வேலை நடந்த காலத்தில் தலவாக்கலைப் பக்கம் பெரிய இயந்திரங்கள் வருவதைச் சந்தியில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். இரவில், முன்னால் ஒரு வண்டி விளக்கோடு வழிவிட, நடை வேகத்தில் வரும். அவ்வளவு பெரிய சுமையால் வந்த தொல்லையை விட, தினமும் வரும் அரைகுறை டிப்பர்களால் வந்த தொல்லைதான் அதிகம். பெரிய சுமை வருவதாக எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் ஒதுங்கினார்கள்.

ஒன்றை மட்டும் கோபத்தோடு சொல்லவேண்டும். கொழுந்து லொறியிலும் ட்ரெக்டர் பெட்டியிலும் எங்கள் பெண்களை நிற்கவைத்து ஏற்றிச்செல்லும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. சாக்குக்கு வலை கட்டுகிறார்கள்; ஆளுக்கு ஒரு பிடிகம்பி இல்லை. மாமாவும் ஏற்றினார், நானும் ஏற்றினேன். ஏற்றியிருக்கக்கூடாது.

பாதையை நிர்வகிக்கப் போனபோது எங்களுக்கு வந்த பெரிய தலைவலி, அது யாருடைய பாதை என்பது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி மாகாணத்துக்கு. அதற்குக் கீழே பிரதேச சபை. தோட்டத்துக்குள் போனால் கம்பனி. எங்கள் பாதையில் முதல் ஒன்றரைக் கிலோமீற்றர் ஒருவருக்கு, பாலத்திலிருந்து மேலே இன்னொருவருக்கு, பாலம் மட்டும் இருவருக்கும் இல்லை என்று இரண்டு அலுவலகமும் கடிதம் தந்தார்கள். ஐந்து மாதம் அலைந்தோம். பொறுமை இழந்த இளைஞர்கள் சந்தியில் சங்கிலி கட்டிப் பூட்டுப் போட்டார்கள், நானும் தடுக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு பிரசவ வலியில் ஒரு மகளை ஏற்ற, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் வந்தது. சாவி வைத்திருந்தவன் மேட்டு லயத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். கல்லால் பூட்டை உடைத்துத்தான் வண்டியை விட்டார்கள். பிள்ளை நலமாகப் பிறந்தது. இல்லாவிட்டால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பொதுப் பாதையில் சங்கிலி கட்ட எங்களுக்கு அதிகாரமே இல்லை என்று அடுத்த நாள் பொலிஸ் வந்து சொன்னது. சொன்னது சரிதான். உயரத் தடைக் கம்பி நடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. மணல் ஏற்றிய டிப்பர் பார்ப்பதற்குப் பெரிதானாலும் உயரத்தில் மரக்கறி லொறியை விடத் தாழ்வு. அது குனிந்து போய்விடும், லயம் தீப்பிடித்தால் நுவரெலியாவிலிருந்து வரும் தீயணைப்பு வண்டி மாட்டிக்கொள்ளும். கைவிட்டோம்.

கடைசியில் வேலை செய்தது மறிப்பு இல்லை, இறக்கும் இடம். பிரதான வீதிச் சந்தியில் பழைய கொழுந்து மடுவம் ஒன்று பாழாகக் கிடந்தது. தோட்டத்துத் துரையிடம் எழுத்தில் கேட்டு அதை வாங்கினோம். டிப்பர் அங்கே வந்து மணலையும் கல்லையும் கொட்டிவிட்டுத் திரும்பலாம். அங்கிருந்து மேலே கன்டரும் ட்ரெக்டரும் மட்டும், நடைக்கு ஒரு கியூப். ஒப்பந்தக்காரருக்குச் செலவு கூடியது, கூச்சலும் கூடியது. மேலே கொண்டுபோகும் கன்டர்கள் நம் தோட்டத்துப் பையன்களுடையவை என்பதால் ஊருக்குள் எதிர்ப்பு அடங்கிவிட்டது. இதில் சுயநலம் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஒரு விதி நிலைக்கவேண்டுமென்றால் அதனால் பிழைக்கிறவர்கள் நாலு பேர் இருக்கவேண்டும் என்பதை அப்போதுதான் கண்டேன்.

பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விடுகிறது. காலை ஆறரையிலிருந்து எட்டு மணி வரையும், பிற்பகல் ஒன்றேகாலிலிருந்து இரண்டரை வரையும் எந்தச் சுமை வண்டியும் நகரக்கூடாது என்று வைத்தோம். கொழுந்து லொறியின் நேரத்தைத் தொழிற்சாலையோடு பேசி, அதற்குத் தக்கபடி கன்டர்களை விட்டோம். மேலேயும் கீழேயும் ஒவ்வொரு ஆள் கைத்தொலைபேசியோடு. மேலே இருந்து ஒன்று புறப்பட்டால் கீழே இருப்பது காத்திருக்கும். இறங்குகிறவன் ஏறுகிறவனுக்கு வழிவிடவேண்டும் என்பது மலைப்பாதையின் பழைய மரியாதை. சுமையோடு ஏறும் வண்டியை நடுவில் நிறுத்தினால் திரும்பக் கிளப்புவது எவ்வளவு கஷ்டம் என்று ஓட்டியவனுக்குத் தெரியும். இந்த மரியாதையை இப்போது வான்காரர்கள் மறந்துவிட்டதால்தான் ஆளை நிறுத்தவேண்டி வந்தது.

மழைக்கும் ஒரு விதி வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக விடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை கடந்தால் விழிப்பு. 100 கடந்தால் எச்சரிக்கை. 150 என்றால் வெளியேறு. மஞ்சள் வந்த அன்றே கன்டர் உட்பட எல்லாச் சுமை வண்டியையும் நிறுத்தினோம். மழை விட்டு ஒரு நாள் காய்ந்தபின்தான் திறப்போம். வீடு தாமதமாகிறது என்று சிலர் முணுமுணுத்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலையகத்தையே பிய்த்துப் போட்டது. எங்கள் பாதையிலும் பாலத்துக்கு மேலே நான்காவது வளைவின் கல்கட்டு பாதி போயிற்று. மண்ணை அள்ளப் பேக்கோ கொண்டுவந்தவர்களை நாங்கள்தான் பாலத்துக்கு இந்தப் பக்கமே இறக்கச் சொன்னோம். லோ பெட் சந்தியில் நின்றது. பேக்கோ மட்டும் சொந்தச் சில்லில், யாரும் பாலத்தில் நிற்காமல், மெதுவாக ஊர்ந்து போனது. அதுவும் எட்டுத் தொன்னுக்குக் கொஞ்சம் கூடத்தான். வேறு வழியில்லை. அது அக்கரை சேரும் வரை நான் மூச்சு விடவில்லை.

பழைய பலகையை எடுத்துவிட்டோம். புதியதில் "கனரக" என்ற சொல்லே கிடையாது. ஆறு சில்லுக்கு மேல் வேண்டாம், மொத்தம் 8 தொன், பாரம் இறக்குமிடம் இடப்பக்கம், திரும்புமிடம் 50 மீற்றர் என்று மூன்று மொழியிலும், கீழே படமாகவும் இருக்கிறது. பிரதேச சபையின் கடிதத்தோடு நட்டதால் பொலிஸும் அதை ஏற்றுக்கொண்டது. குருநாகல் பையன் பிறகும் பல தடவை மணலோடு வந்தான். மடுவத்தில் கொட்டிவிட்டு எங்கள் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுத்தான் போவான். "மாமா, இப்போது நான் கனரகமா இல்லையா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பான்.

வீடுகள் முடிந்து குடிபுகுந்ததும், இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்த பஸ் சேவையைத் தருவதாகச் செய்தி வந்தது. தோட்டமே வெடி கொளுத்தியது. ஓட வரப்போவது பெரிய பஸ், சுமார் 11 மீற்றர் நீளம், ஆள் ஏறினால் பதினான்கு தொன்னுக்குக் குறையாது. எங்கள் பலகைப்படி அது உள்ளே வரக்கூடாது. "நம் பிள்ளைகள் போகிற பஸ்ஸைக்கூட மறிக்கிறாரா இந்த மனிதர்?" என்று பதினெட்டாம் லயத்துப் பெண்கள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கதிரையில் தூக்கிவந்த அந்தப் பாட்டிதான் முன்னால். நான் சிலேட்டை எடுத்துவந்து திண்ணையில் வைத்தேன். பாட்டி சிலேட்டைப் பார்க்கவே இல்லை. "சின்ன பஸ் கேள்" என்று மட்டும் சொன்னார்.

கேட்டோம். போன மாதம் 29 இருக்கை பஸ் ஒன்றைச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஏழு மீற்றர். சாரதிக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். சுண்ணாம்பு டின்னோடு பழைய பையன்கள் இரண்டு பேரும், இப்போது மீசை வைத்தவர்கள், பக்கத்தில் நடந்தார்கள். முதல் வளைவு சுலபம். இரண்டாவதில் சாரதி ஒரு தடவை பின்னால் எடுத்துத் திருப்பினார். வால் மண்திட்டை உரசாமல் ஒரு சாண் இடைவெளியில் சுற்றி வந்தது. பாலத்துக்கு முன் நிறுத்தச் சொல்லி இறங்கினேன். பஸ்ஸில் ஏறியிருந்தவர்களையும் இறக்கி, பாலத்தை நடந்து கடக்கச் சொன்னேன். எல்லோரும் என்னைத் திட்டிக்கொண்டே நடந்தார்கள்.